பழைய குரோமோலி ஃபிரேமில் மவுண்டன் பைக் கட்டுவது: எது புதிது, எது பழையது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் ஒருவருடைய பெரியப்பா, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது ஒரு மவுண்டன் பைக் கொண்டுவந்திருக்கிறார். அது இத்தனை வருடமாக மொட்டைமாடி அறையில் கிடக்கிறது. ஃபிரேமும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் உருப்படியாக இருக்கின்றன. மற்றதெல்லாம் துருப்பிடித்துவிட்டது, அல்லது காணாமல் போய்விட்டது. ஃபிரேமில் டாங்கே ஸ்டிக்கர் தெரிகிறது. புதுப் பாகம் கொஞ்சம், பழைய பாகம் கொஞ்சம் வைத்து இதைக் கட்ட முடியுமா? எதைப் புதிதாக வாங்க வேண்டும்? டிஸ்க் பிரேக், சஸ்பென்ஷன் ஃபோர்க் போடலாமா? புது சைக்கிளைவிட மலிவாக முடியுமா?

கட்டலாம். டிஸ்க்கும் சஸ்பென்ஷனும் இந்த ஃபிரேமுக்கு வேண்டாம். மலிவாக முடிக்க ஒரே ஒரு வழி இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஆன்லைனில் நல்ல டிரெய்லர் (கியர் மாற்றும்போது செயினைத் தள்ளும் பாகம்) மலிவாகக் கிடைத்தது என்று ஒன்று, நண்பர் கொடுத்தார் என்று இன்னொன்று எனச் சேர்க்க ஆரம்பித்தால் பாதிப் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. என்னென்ன வாங்கலாம் என்பதை ஃபிரேமின் அளவுகள்தான் முடிவு செய்யும். ஒரு வெர்னியர் காலிப்பர் இரவலாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

அளப்பதற்கு முன் ஃபிரேம் தேறுமா என்று பார்க்க வேண்டும். டாங்கே ஜப்பானியக் குழாய் நிறுவனம். அந்தக் காலத்து நல்ல மவுண்டன் பைக்குகள் பலவும் அவர்களுடைய குரோமோலிக் குழாயில் செய்யப்பட்டவை. குரோமோலி என்பது குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு கலந்த எஃகு. சாதாரண எஃகைவிட இதற்கு விறைப்பு அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், வலிமைதான் அதிகம். அதனால் குழாயின் சுவரை மெல்லிதாக்க முடிகிறது, எடை குறைகிறது. ஸ்டிக்கரை முழுதாகப் படியுங்கள். மூன்று பிரதானக் குழாய்கள் மட்டும் குரோமோலி, பின்பக்கக் குழாய்கள் சாதாரண எஃகு என்பது அன்றைக்கு நடுத்தர விலை மாடல்களில் சகஜம். அதில் தப்பு ஒன்றும் இல்லை, எடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் சீட் போஸ்ட்டின் விட்டமே ஓரளவு சொல்லிவிடும். அந்தக் கால ஃபிரேம்களில் சீட் குழாயின் வெளிவிட்டம் பெரும்பாலும் 28.6 மி.மீ. அதற்குள் 27.2 மி.மீ. போஸ்ட் நுழைகிறது என்றால் சுவர் கிட்டத்தட்ட 0.7 மி.மீ.தான், நல்ல குழாய். 26.8 என்றாலும் பரவாயில்லை. 25.4 போஸ்ட்தான் போகிறது என்றால் அது கனமான சாதாரணக் குழாய்.

அடுத்து சேதம். ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் குட்டைக் குழாயான ஹெட் டியூபுக்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே சிறு சுருக்கமோ பெயிண்ட் வெடிப்போ இருந்தால் வண்டி எப்போதோ முன்னால் மோதியிருக்கிறது. அப்படிப்பட்ட ஃபிரேமைச் சுவரில் மாட்டி வைக்கலாம், மலையில் ஓட்டக் கூடாது. பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, பின் சக்கரம் உட்காரும் டிராப்அவுட்டுகளை ஒட்டி, சீட் குழாயின் பிளவுக்குக் கீழே, இந்த மூன்று இடங்களில் விரிசல் தேடுங்கள். அப்புறம் நூல் சோதனை. ஒரு நூலை ஒரு பக்க டிராப்அவுட்டில் கட்டி, முன்னால் ஹெட் டியூபைச் சுற்றி, மறுபக்க டிராப்அவுட்டுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் என்றால் கவலை இல்லை.

மேலே தெரியும் துருவுக்குப் பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பதுதான் விஷயம். பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். காப்பிப்பொடி நிறத்தில் தூளாகக் கொட்டினால் பரவாயில்லை, சுரண்டிச் சுத்தம் செய்யலாம். தகடு தகடாகப் பெயர்ந்து வந்தால் யோசிக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இத்தனை வருடம் சும்மா கிடந்த வண்டியில் அலுமினிய சீட் போஸ்ட் எஃகுக் குழாயோடு ஒட்டிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து ஊதி இறுகிவிடும். பெனட்ரேட்டிங் ஆயில் ஊற்றி, ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, கீழேயிருந்தும் ஊற்றி, சில நாள் ஊறவிடுங்கள். பிறகு போஸ்ட்டின் தலையை வைஸில் கடிக்கவைத்து ஃபிரேமையே பிடித்துத் திருப்புவது பட்டறைக்காரர்களின் வழி. அதற்கும் அசையாவிட்டால் போஸ்ட்டை வெட்டிவிட்டு, உள்ளே மிச்சமிருப்பதை ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்து எடுக்க வேண்டும். பொறுமையான ஆளிடம் கொடுங்கள். அவசரப்பட்டால் ஃபிரேமும் சேர்ந்து அறுபடும். இது முடியாமல் வேறு எதற்கும் காசு செலவழிக்காதீர்கள்.

இப்போது அளவுகள். பாட்டம் பிராக்கெட் கூட்டின் அகலம் 68 அல்லது 73 மி.மீ. இருக்கும், மரை அநேகமாக பிஎஸ்ஏ என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. இந்த மரைக்கு இன்றும் எல்லா விலையிலும் பாகம் கிடைக்கிறது. பழைய எஃகு ஃபிரேமின் பெரிய பலமே இதுதான். பின் டிராப்அவுட்டுகளின் உள் இடைவெளி 135 மி.மீ. என்றால் வேலை சுலபம். எண்பதுகளின் பிற்பகுதி ஃபிரேம் என்றால் 130 இருக்கலாம். எஃகு என்பதால் பக்கத்துக்கு 2.5 மி.மீ. விரித்துக்கொள்ளலாம். விரித்த பிறகு நூல் சோதனையைத் திரும்பச் செய்து, டிராப்அவுட்டுகள் இணையாக நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அலுமினியத்தில் இந்த வேலையை நினைத்தே பார்க்கக் கூடாது.

ஃபோர்க்கின் கழுத்து, அதாவது ஸ்டியரர், 1 அங்குலமா 1⅛ அங்குலமா என்பது அடுத்தது. பழைய ஹெட்செட்டின் (ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங் தொகுப்பு) மேல் நட்டு 36 மி.மீ. ஸ்பேனர் கேட்டால் 1⅛, 32 கேட்டால் 1 அங்குலம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மரை வைத்த ஹெட்செட்டெல்லாம் பெரும்பாலும் 1 அங்குலம்தான். உங்களுடையது மரை வைத்த 1⅛ என்றால் பழைய கப்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுத்தம் செய்து, புது பால்ரஸும் கிரீஸும் போட்டாலே பல வருடம் ஓடும். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேராக வரும் இடத்தில் லேசாகச் சிக்கி நின்றால் மட்டும் கப்பில் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும்.

மலிவான வழி என்று சொன்னேனே, அது இதுதான்: பாகம் பாகமாக வாங்காமல், பாகம் கழற்றுவதற்கென்றே ஒரு முழு சைக்கிளை வாங்குங்கள். 2013, 2014 வாக்கில் உலகம் முழுக்க மவுண்டன் பைக்குகள் 26 அங்குலச் சக்கரத்திலிருந்து 27.5க்கும் 29க்கும் மாறின. அதற்கு முன் வாங்கப்பட்ட 26 அங்குல அலுமினிய ஹார்ட்டெயில்களை (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாதவை) இன்று யாரும் சீண்டுவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பார்க்கிங்கில் டயர் உளுத்து நிற்கின்றன. அவற்றில் ஷிமானோவின் அலிவியோ, டியோர் தரத்துப் பாகங்கள் இருப்பவை உண்டு. அப்படி ஒன்றை வாங்கினால் சக்கரம், கிராங்க் (பெடல் தண்டு), டிரெய்லர், ஷிஃப்டர், பிரேக், லீவர் எல்லாம் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று பொருந்திய ஒரு தொகுப்பாகக் கைக்கு வந்துவிடும். பின் ஹப் 135 மி.மீ. ஆகவே இருக்கும். பார்க்க வேண்டியது ஒன்று: ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் வி-பிரேக் வைத்த மாடலாக இருக்க வேண்டும். டிஸ்க் மாடலின் ரிம்களில் பல நேரம் பிரேக் கட்டை பிடிக்கும் பக்கச் சமதளமே இருக்காது. இந்த வழி கிடைக்காமல் ஒவ்வொன்றாகக் கடையில் வாங்கினால் மொத்தம் ஒரு புது சைக்கிளின் விலையைத் தாண்டும். கம்பெனிகள் பாகங்களை ஆயிரக்கணக்கில் வாங்குகின்றன, நாம் ஒன்று வாங்குகிறோம். அதை ஈடுகட்ட வேறு வித்தை இல்லை.

சக்கரத்தைத் தனியாக வாங்கப் போகிறவர்கள் '26 இஞ்ச்' என்று மட்டும் கடையில் சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. மவுண்டன் பைக்கின் 26 என்பது 559 மி.மீ. ரிம். 26 x 1⅜ என்று டயரில் எழுதியிருக்கிறதே, பெண்களுக்கான பல சைக்கிள்களில் வருவது, அது 590 மி.மீ. இரண்டும் '26'தான். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. அளவு 1.95, 2.1 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் 559, பின்னமாக எழுதியிருந்தால் வேறு ஏதோ. டயரின் ஓரத்தில் 54-559 என்பதுபோல் சின்னதாக அச்சிட்டிருப்பார்கள், அதை நம்புங்கள். 27.5 அங்குலச் சக்கரம் போட்டால் என்ன என்றும் சிலர் கேட்பார்கள். அதன் ரிம் 584, அதாவது விளிம்பு 12.5 மி.மீ. மேலே போய்விடும். வி-பிரேக்கின் கட்டை அவ்வளவு தூரம் எட்டாது.

பின் ஹப் கேசட் வகையாக, அதாவது பற்சக்கரத் தொகுதியை மட்டும் மேலே செருகும் வகையாக இருக்கட்டும். மரையில் முறுக்கி ஏற்றும் ஃப்ரீவீல் வகை மலிவு, இங்கே எங்கும் கிடைக்கும். ஆனால் அதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் நீளமான பகுதி தாங்கல் இல்லாமல் நிற்கிறது. கரடுமுரடான பாதையில் அச்சு வளையும், சில சமயம் ஒடியும். கேசட் ஹப்பில் பேரிங் ஃபிரேமுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும்.

பழைய சக்கரத்தை எடுக்கும்போது ரிம்மின் பிரேக் பிடிக்கும் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் சுவர் தேய்ந்துவிட்டது, ஒரு நாள் பிளக்கும். கோட்டம் இருந்தால் பிரச்சினை இல்லை, எடுத்துவிடலாம். ஷிமானோவின் கோன் (பால்ரஸ் உருளும் கூம்பு நட்டு) வகை ஹப்களில் கோனும் பால்ரஸும் மாற்றலாம். முன்னால் பக்கத்துக்கு 3/16 அங்குலத்தில் 10, பின்னால் ¼ அங்குலத்தில் 9. ஹப்பின் உள்ளேயே இருக்கும் கப் குழி விழுந்திருந்தால் மட்டும் அந்த ஹப்பை விட்டுவிடுங்கள்.

கியர் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் பழையது: 8 அல்லது 9 ஸ்பீடு போதும். ஷிமானோவின் 7, 8, 9 ஸ்பீடு மவுண்டன் டிரெய்லர்கள் மூன்றும் கேபிளுக்கு ஒரே அளவில் நகர்பவை. அதனால் 9 ஸ்பீடு டியோர் டிரெய்லரை 8 ஸ்பீடு ஷிஃப்டரோடு தாராளமாகப் பூட்டலாம். 10 ஸ்பீடு மவுண்டன் வரிசையில் கணக்கு மாறிவிட்டது, அதைக் கலக்காதீர்கள். பழைய டியோர், ஷிமானோவின் அடிமட்ட வரிசையான டோர்னியில் புதியது இரண்டும் ஒரே விலைக்கு வந்தால் யோசிக்காமல் பழைய டியோர். டிரெய்லர் எளிதில் தேயும் பொருள் அல்ல. சின்னப் பற்சக்கரங்களை மாற்றி, கையால் ஆட்டிப் பார்த்து, இணைப்புகளில் லொடலொடப்பு இல்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம். பழைய ஷிஃப்டர் அழுத்தினால் பிடிக்காமல் வெறுமனே போகிறதா? அநேகமாகச் செத்துப்போகவில்லை, உள்ளே கிரீஸ் கெட்டியாகிவிட்டது. டீகிரீஸர் அடித்துக் கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டுச் சொடுக்கிக்கொண்டே இருந்தால் உயிர் வந்துவிடும்.

முன்னால் மூன்று பல்சக்கரமா ஒன்றா? மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் ஆசை உண்டென்றால் மூன்றையே வைத்துக்கொள்ளுங்கள். 22 பல்லும் பின்னால் 32 பல்லும் தரும் கியர், முன்னால் ஒற்றை 32, பின்னால் 42 வைப்பதைவிட இலகுவானது, வேகமான பக்கத்திலும் கியர் மிச்சம் இருக்கும். கழற்றிய சைக்கிளில் அது இருக்கவும் செய்கிறது.

பழைய கிராங்க் வாங்கும்போது சதுரத் துளையை உற்றுப் பாருங்கள். போல்ட் தளர்ந்த நிலையில் யாராவது ஓட்டியிருந்தால் துளை விரிந்து முனை மழுங்கியிருக்கும். அது எத்தனை இறுக்கினாலும் திரும்பத் திரும்பத் தளரும். பாட்டம் பிராக்கெட் கார்ட்ரிட்ஜைப் புதிதாக வாங்குங்கள், விலை அதிகமில்லை. அச்சின் நீளம் கிராங்கைப் பொறுத்தது. கிராங்க் வந்த சைக்கிளில் என்ன நீளம் இருந்ததோ, அதையே வாங்குங்கள்.

செயின் புதிது, விவாதமே வேண்டாம். பழைய கேசட்டை வைத்துக்கொள்ளலாமா என்பதை அதோடு ஓடிய பழைய செயின் சொல்லும். ஸ்கேலை வைத்து அளந்தால் ஒரு பின்னிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள பின் சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயின் மட்டும் போதும். ⅛ தள்ளியிருந்தால் கேசட்டும் போயிருக்கும், புதுச் செயின் அதில் எகிறும்.

பிரேக் கட்டைகள், கேபிள்கள், அவுட்டர், டயர், டியூப் எல்லாம் புதிது. கேபிள் அவுட்டரில், அதாவது கேபிளின் மேலுறையில் கவனம் வேண்டும். பிரேக்குக்கு 5 மி.மீ. சுருள்கம்பி அவுட்டர், கியருக்கு 4 மி.மீ. நேர்க்கம்பி அவுட்டர். சாதாரண கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போட்டால் பலமாகப் பிடிக்கும்போது பிளந்துகொண்டு போகும், இறக்கத்தில் அது நடந்தால் கதை முடிந்தது. லீவரும் பிரேக்கும் ஜோடியாக இருக்க வேண்டும். பழைய கேன்டிலீவர் பிரேக்கின் லீவர் இழுக்கும் கேபிள் தூரம் குறைவு. அதை வி-பிரேக்கோடு பூட்டினால் லீவர் ஹேண்டில்வரை வரும், பிடித்தால் சட்டென்று கவ்வும். தலைகுப்புற விழ வைக்கும் ஜோடி அது.

ஹேண்டில்பாரும் புதிதாகவே இருக்கட்டும். அலுமினியத்துக்கு, எஃகைப்போல் ஒரு அளவுக்குக் கீழே எத்தனை முறை வளைந்தாலும் சோர்ந்துபோகாத எல்லை கிடையாது. முன் வாழ்க்கை தெரியாத அலுமினிய பாரைப் பிடித்துக்கொண்டு மலையிறங்க நான் தயாரில்லை.

சஸ்பென்ஷன் ஏன் வேண்டாம் என்றால், ராக்‌ஷாக்ஸின் முதல் ஃபோர்க் சந்தைக்கு வந்ததே 1989இல்தான். உங்கள் ஃபிரேம், அச்சிலிருந்து கிரவுன் (இரண்டு கால்களும் சேரும் தலைப்பகுதி) வரை 395 மி.மீ. போல நீளமுள்ள, சஸ்பென்ஷன் இல்லாத கட்டை ஃபோர்க்கை நினைத்து வரையப்பட்டது. 26 அங்குலத்துக்கான 100 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க் 470ஐ ஒட்டி இருக்கும். முன்பக்கம் கிட்டத்தட்ட 7 செ.மீ. தூக்கி, ஹெட் கோணம் மூன்று டிகிரிக்கு மேல் சாய்ந்து, வண்டி திரும்பவே அடம்பிடிக்கும். கீழ்க்குழாய் சேரும் மூட்டின் மேல் சுமையும் கூடும். டிஸ்க்குக்கும் அதேபோலத்தான். டிஸ்க் பிரேக் மாட்டும் கொக்கியை யாராவது பற்றவைத்துக் கொடுப்பார்கள், ஆனால் முன் ஃபோர்க்கின் மெல்லிய கால், ஒரு பக்க அடியில் மட்டும் வரும் அந்த முறுக்கைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. 2.1 அங்குல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள், பாதி அதிர்வு அங்கேயே போய்விடும்.

பெயிண்ட் அடிப்பதென்றால் பவுடர் கோட்டிங் நல்லது. ஆனால் பட்டறையில் பாட்டம் பிராக்கெட் மரை, ஹெட்செட் உட்காரும் இடம், சீட் குழாயின் உள்பக்கம், பிரேக் மாட்டும் குச்சிகள் ஆகியவற்றை மறைக்கச் சொல்லி நேரில் நின்று பாருங்கள். முடிந்ததும் குழாய்களுக்குள் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் சுழற்றி வடியவிட்டு, ஓரிரு வாரம் காயவிடுங்கள். அது உள்ளே படலமாகி ஈரத்தைத் தடுக்கும். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

பூட்டும்போது எல்லா மரைக்கும் கிரீஸ். சீட் போஸ்ட்டுக்கும் தாராளமாக. பாட்டம் பிராக்கெட்டின் வலப்பக்கமும், இடது பெடலும் எதிர்மரை. இதை மறந்து ஸ்பேனரில் தொங்கியவர்கள்தான் ஃபிரேமின் மரையைக் கெடுத்தவர்கள். கிராங்க் கழற்றும் புல்லரை முழுதாகக் கையால் ஏற்றிய பிறகே முறுக்குங்கள். ஹெட்செட் கப்பைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவதைவிட அதற்குரிய பிரஸ் உள்ள கடைக்கு எடுத்துப் போவது மேல். மற்றதை எல்லாம் ஆலன் கீ செட், கோன் ஸ்பேனர், கேசட் டூல், செயின் கட்டர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

முதல் சில நாள் வீட்டுப் பக்கத்திலேயே ஓட்டுங்கள். கிராங்க் போல்ட்டுகளை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை மறுபடி இறுக்கிப் பாருங்கள், கியர் கேபிளின் தளர்வை எடுங்கள், ஸ்போக்குகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்தித் தொய்வு பாருங்கள். இவை ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் மலைப் பக்கம் கிளம்பலாம். வாங்கும் முன் ஏதாவது அளவில் சந்தேகம் வந்தால் வெர்னியர் வைத்த நிலையிலேயே படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.